விடை கொடுக்கும் தாளம்

22 செப்டம்பர் 1974, ஞாயிறு

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் காற்று. பெயர்ப்பலகை எழுதி முடித்தேன், மூன்று மொழிகளில். தமிழில் 'நலவாழ்வு இல்லம்'. 'ழ்' கொஞ்சம் பெருத்துவிட்டது. இங்கே தமிழ் வாசிக்கும் விருந்தினர் ஒருவரும் இல்லை. கீழே லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் இந்தப் பாதையால் வருவதில்லை. யாருக்காக எழுதினேன், தெரியவில்லை.

வந்து பன்னிரண்டு நாள். எல்ல ஊரிலிருந்து நான்கு மைல். முன்பு தோட்டத் துரை இருந்த பங்களா. இப்போது இங்க்ரிட் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். டென்மார்க். வயது ஐம்பது இருக்கும். ஒன்பது வெள்ளைக்காரர்கள் உடம்பையும் மனதையும் தேற்றிக்கொள்ள வந்து தங்கியிருக்கிறார்கள். நான் தொண்டன். சம்பளம் கிடையாது. சாப்பாடு, படுக்கை, வராந்தாவில் ஒரு மேசை.

வேலைகள்:
ஐந்தரைக்கு மணி அடிப்பது
பீலியிலிருந்து ஊற்றுத் தண்ணீர், எட்டு வாளி
எண்ணெய்க் குளியலுக்கு விறகு
மொழிபெயர்ப்பு

கடைசியானதற்காகத்தான் எடுத்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்ததற்கு இதுவரை கண்ட பயன்.

அப்பாவுக்கு 'வேலை கிடைத்தது' என்று எழுதிப் போட்டேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

24 செவ்வாய்

வெயில். செவ்வாய்தோறும் இங்கே உண்ணா நாள். ஒன்பது பேரும் பிரம்பு நாற்காலிகளில், கண் மூடி. கழுவப் பாத்திரம் இல்லை. பாத்திரம் கழுவ லயத்திலிருந்து வரும் பேச்சி சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஏந் தம்பி, இவுகளுக்குமா அரிசிக் கூப்பன வெட்டிப்புட்டாங்க?"

"இல்லைங்க. அவங்களாவே சாப்பிடாம இருக்காங்க."

"கோயிலுக்கு வேண்டுதலா?"

"இல்ல. ஒடம்புக்கு நல்லதாம்."

யோசித்தார். "அப்ப எங்க லயத்துல அத்தன பேருக்கும் ஒடம்பு தங்கமாட்டம் இருக்கணுமே."

சமையல்காரர் காசிம் நானா சிரித்தார். பதுளை ஆள், முன்பு துரைமாருக்குச் சமைத்தவர். அவருக்கு ரமழான். எச்சிலைக்கூட விழுங்காமல் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "நாங்க அல்லாவுக்காகப் பட்டினி. லயத்துக்காரன் அரசாங்கத்துக்காகப் பட்டினி. இவங்க யாருக்காகப் பட்டினின்னு கேட்டுச் சொல்லுங்களே தம்பி."

கேட்கவில்லை. இங்க்ரிட்டிடம் (இனி இ.) கேட்டால் பதில் இருக்கும். நீளமான பதில்.

தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கூப்பன் மாவு வந்து பத்து நாளாகிறதாம்.

27 வெள்ளி

மாலை நான்கரை. மூச்சுப் பயிற்சி நடுவில் பள்ளத்துக்கு அப்பாலிருந்து தப்புப் பறையின் சத்தம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிழட்டுக் கங்காணி போய்விட்டார் என்று காலையிலேயே பேச்சி சொல்லியிருந்தார். மெதுவான கொட்டு. மூன்று அடி, ஒரு இடைவெளி.

இ. பயிற்சியை நிறுத்தினார். எல்லோரும் காது கொடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டு, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்றார்.

எழவுக் கொட்டு. பதுளை டவுனில் வளர்ந்தவனுக்கும் தெரியும். சின்ன வயதில் கேட்டதும் விளையாட்டை நிறுத்தியிருக்கிறோம்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது: 'விடை கொடுக்கும் தாளம்.'

ஏன்? ஒன்பது முகங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. அமைதியாக இருந்தன. கெடுக்க மனம் வரவில்லை. அந்தத் தொடர் நாக்கில் அழகாகவும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

இ. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இதை வாசிப்பவர் பக்கத்தில் யாராவது உண்டா?

உண்டு என்றேன். பேச்சியின் புருஷன் பழனியாண்டி. கீழ் லயத்தில் தப்பு அவர் ஒருவர்தான். விடியற்காலை வேலைப் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பவும், திருவிழாவுக்கும், சாவுக்கும்.

29 ஞாயிறு

தூறல். பேச்சி இரண்டு நாளாக வரவில்லை. மகளுக்குச் சுகமில்லை என்று ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தார். இ. தானே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். கூடப் போனேன்.

லயத்து அறைக்குள் முதல் தடவை. பதுளையில் பிறந்து இருபத்தைந்து வருடம்.

ஒரு அறை. ஜன்னல் இல்லை. புகை. சாக்கின் மேல் மகள் செவ்வந்தி, பத்தொன்பது வயது, கொழுந்தெடுக்கிறவள். எட்டு நாளாக வயிற்றோட்டம். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இ. மண்டியிட்டு உட்கார்ந்தார். வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கறையில் குறை சொல்ல முடியாது. பிறகு என்னிடம்: உடம்பு தன்னைத் தானே சுத்தம் செய்கிறது, தடுக்கக் கூடாது, மூன்று நாளைக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், வெந்நீர் மட்டும். சொல்லுங்கள்.

பழனியாண்டியும் பேச்சியும் என் வாயைப் பார்த்துக்கொண்டு.

இந்த எட்டு நாளுக்கு முன்னால் அந்த உடம்பு என்ன சாப்பிட்டது? கீரை. கிழங்கு. ஒரு நாள் ரொட்டி.

"கஞ்சி குடுக்கச் சொல்றாங்க," என்றேன். "உப்புப் போட்டு. கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி."

சொல்லிவிட்டீர்களா என்றார் இ. சொல்லிவிட்டேன் என்றேன். படியிறங்கும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். முதல் தடவையாக ஏதோ உருப்படியாக.

பின்னாலேயே பழனியாண்டி வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. "கஞ்சிக்கு அரிசி வேணுமேங்க."

30 திங்கள்

இ.யிடம் அரிசி கேட்க முடியாது. அவர் கணக்கில் அந்தப் பெண் உண்ணாமல் இருக்கிறாள். கேட்டால் நேற்று நான் சொன்னது வெளியே வரும். வந்தால் என்ன? என்னை அனுப்பிவிடலாம். பதுளைக்குத் திரும்பி, அப்பா முன்னால் போய் நிற்க வேண்டும். கோழை.

ஆகவே வேறு வழி. என் யோசனைதான், வேறு யாருடையதும் அல்ல. அந்த விடை கொடுக்கும் தாளத்தைத் தினமும் மாலை ஆறுக்கு இங்கே கொட்டச் சொல்லலாம், விருந்தினரின் மாலை மௌனம் முடிகிற நேரம், பத்து நிமிஷம். கூலி ஒரு கொத்து அளவு அரிசி. சொன்னதும் இ. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பழனியாண்டியிடம் போனேன்.

"என்ன கொட்டுங்க வேணும்? பெரட்டுக் கொட்டா, சாமிக் கொட்டா?"

சொன்னேன்.

"யாருங்க செத்தது?"

"யாரும் சாகல."

"ஆளு சாகாம எப்பிடிங்க கொட்டுறது?"

திரும்ப ஏறி வந்து, திருவிழாக் கொட்டு இன்னும் நன்றாக இருக்கும் என்று இ.யிடம் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், அந்த மெதுவானது, அந்த இடைவெளி உள்ளதுதான் என்றார். திரும்ப இறங்கினேன். இரண்டு தடவை இருநூறு படி.

பேச்சிதான் கத்தினார், என்னை அல்ல, புருஷனை. "வீட்ல ஒண்ணு படுத்த படுக்கையா கெடக்கு. நீ எழவு கொட்டப் போறியா? கை வெளங்குமா ஒனக்கு?"

"அப்ப அரிசிய நீ கொண்டா."

அதோடு முடிவாயிற்று.

1 அக்டோபர், செவ்வாய்

மழை இல்லை. மாலை ஆறு. பழனியாண்டி வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். மானாப்புல்லைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். தோல் விறைக்காவிட்டால் சத்தம் எழாது. நெருப்பும் சடங்கில் சேர்ந்தது என்று நினைத்து விருந்தினர்கள் அதைக் கும்பிட்டார்கள். நான் திருத்தவில்லை.

கொட்டினார். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. ஜெர்மன்காரி ஒருத்தி அழுதாள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, கீழேயிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். பதினைந்து இருபது பேர். "யாரு? யாரு?" "தொரசாணியா?" ஒரு கிழவி ஏறும்போதே ஒப்பாரியை எடுத்துவிட்டாள். புல்வெளியில் இ. கல்லுமாதிரி நிற்பதைக் கண்டதும் பாதி வரியில் வாயை மூடி, பிறகு முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பழனியாண்டி மட்டும் இல்லை.

கிராமமே நம்மோடு சேர்ந்துவிட்டது என்றார் இ.

நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும்.

2 புதன்

விடிந்ததும் ஒரு ஆள் மூச்சிரைக்க வந்தார். பேச்சியின் அண்ணன் முத்துக்கறுப்பன். தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பிரிவில் வேலை. பள்ளத்துக்கு நேர் எதிரே. கொட்டு அங்கே நன்றாகக் கேட்கும். ரயில் பாதையால் நடந்தால் மூன்று மைல். கையில் புதுத் துணி. தாய்மாமன் கோடி போடாமல் பெண்பிள்ளையின் பிணத்தை எடுக்க மாட்டார்கள். படுத்திருப்பவள் மருமகள்தான் என்று தெரியும், கொட்டும் கேட்டது, வந்துவிட்டார்.

வந்து பார்த்தால் மருமகள் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

என்னை நன்றாக வைதார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். "இனிமே இந்தக் கொட்டுக்கு நான் வரவே மாட்டேன் தம்பி, சொல்லிப்புட்டேன். நெசமா எதுனா நடந்தா நீங்களே நடந்து வந்து சொல்லுங்க."

கோடியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பேச்சி கதவை மறித்துக்கொண்டார். அவர் அதைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

3 வியாழன்

நல்ல வெயில். காலையில் சளி. சட்டைப் பொத்தான் ஒன்று காணோம்.

செவ்வந்தி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பேச்சி தலை வாரிக்கொண்டிருந்தார். முதல் தடவை அவள் குரலைக் கேட்டேன்.

"கஞ்சி குடுக்கச் சொன்னது தொரசாணியா, நீங்களா?"

"தொரசாணிதான்."

"மூணு வெரலக் காட்டினாங்க. வாயப் பொத்திக் காட்டினாங்க. கஞ்சி குடிக்கிறதுக்கு எதுக்கு வாயப் பொத்தணும்?"

அவளுக்குச் சிரிக்கப் பலம் போதவில்லை. கண் மட்டும் சிரித்தது. "ஆத்தாகிட்ட சொல்லலே," என்றாள்.

ஆக, இந்த மலையில் ஒரு ஆளுக்குத் தெரியும். என் பொய்யைப் பிடித்தவள், படிக்காதவள், வயிற்றோட்டத்தில் கிடந்தவள். மேலே ஏறும்போது படிகள் குறைந்தமாதிரி இருந்தது.

லயத்தில் கொட்டு பழகிவிட்டது. ஒருத்தி இன்னொருத்தியிடம்: "வெள்ளக்காரன் செத்துட்டான் புள்ள, மணி ஆறு. அடுப்பப் பத்த வையி."

4 வெள்ளி

மொழிபெயர்ப்பு: ஒன்றும் இல்லை. விறகு: இரண்டு கட்டு. அப்பாவின் கடிதம்: பென்ஷன் உண்டா என்று கேட்டு எழுது.

5 சனி

இடி, மழை. பீலித் தண்ணீர் செம்மண்ணாக.

செவ்வந்திக்கு மறுபடியும். இந்தத் தடவை இரத்தம். கஞ்சி தங்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். ரோஸ் நிற மருந்து ஒரு போத்தல், பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு ஒன்று. தோட்டத்து லொறி செவ்வாய்க்கிழமைதான். இ.யின் வேன் கொழும்பில், அதுவும் செவ்வாய். தூக்கிக்கொண்டு நான்கு மைல் எல்ல ரோட்டுக்குப் போகலாமா என்று பழனியாண்டியிடம் கேட்டேன். மழையைப் பார்த்தார்.

"செவ்வா வரைக்கும் தாங்கும்ங்க."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? எனக்கு என்ன தெரியும், அவர் தகப்பன், அவருக்குத் தெரியும் என்று. அவர் என்ன நினைத்திருப்பார்? தம்பி படித்தவர், தம்பியே சரி என்கிறார் என்று.

மாலையில் இ.யிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொட்டைப் பற்றி மட்டும். அது சாவுக்குக் கொட்டுவது, வேறு எதற்கும் கொட்டுவதில்லை, பாவம், நிறுத்திவிடலாம், அரிசியை மட்டும் கொடுக்கலாம்.

இ. புன்னகைத்தார். ஆமாம், ஒவ்வொரு முடிவும் ஒரு சின்ன மரணம்தானே என்றார். அதனால்தான் அது நம்மை இவ்வளவு தொடுகிறது.

உண்மையைச் சொன்னாலும் கவிதையாகத்தான் போய்ச் சேருகிறது.

ஆறு மணிக்குப் பழனியாண்டி நனைந்துகொண்டு வந்தார். நெருப்புப் பிடிக்கவில்லை. ஈரத் தோல். மந்தமான கொட்டு. அரிசியை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினார்.

6 ஞாயிறு

மழை. ஒரு வரி எழுதினேன். அடித்தேன். தெமோதரை ரயில் ஊதியது.

பேச்சி சொல்லியனுப்பியது: தண்ணீர் கேட்கிறாளாம். நல்ல குறி என்று காசிம் நானா. கொதிக்கவைத்து ஒரு செம்பு இறக்கிக் கொடுத்தேன். என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டப் பார்த்தாள். இரண்டுதான் நிமிர்ந்தது.

8 செவ்வாய்

லொறி காலை ஏழுக்கு வந்தது. துண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது.

நேற்று. எழுதிவிட வேண்டும்.

மழை விட்டிருந்தது. ஐந்து மணிக்குக் கீழேயிருந்து கொட்டு. தெளிவாக. இ. கடிகாரத்தைப் பார்த்தார். சீக்கிரம், ஆனால் பரவாயில்லை, தூரத்திலிருந்து கேட்க இன்னும் நன்றாக இருக்கிறது என்றார். எல்லோரும் புல்லில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். மறுநாள் லொறி, மறுநாள் வேன், ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு. கொட்டு நன்றாகவே இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். இந்த ஏழு நாளில் அப்படி அவர் கொட்டிக் கேட்டதில்லை.

தோளில் ஒரு கை. காசிம் நானா. நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது, உதடு வெடித்திருந்தது. காதருகில்: "தம்பி, பழனியாண்டிக்கு அரிசி அளந்து வச்சேன். ஆள் வரல்ல. கொட்டு நிக்கவும் இல்ல."

எப்போதும் பத்து நிமிஷம். அப்போது அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

இருநூறு படியும் எப்படி இறங்கினேன், நினைவில்லை. கீழ் லயத்தில் ஒவ்வொரு கூரையிலும் புகை. ஆறு மணி என்று நினைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். பக்கத்து அறைக்காரர்கள் நாலு பேர் மட்டும் வாசலில். பழனியாண்டி கதவு நிலையில் சாய்ந்து கொட்டிக்கொண்டிருந்தார். சொந்த வீட்டுச் சாவுக்கு வீட்டுக்காரன் கொட்டுவதில்லை. வேறு ஆள் இல்லை.

நான்கு மணிக்கு. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாளாம்.

பேச்சி என் சட்டையைப் பிடித்தார். "எம் பொறந்தவனுக்குச் சொல்லுங்க தம்பி. கோடி வரணும். இதக் கேட்டு அவன் வரமாட்டான். இதக் கேட்டு எவனும் வரமாட்டான்."

பழனியாண்டி நிறுத்தவில்லை. நிறுத்துங்கள், நான் போகிறேன் என்றேன். காதில் விழவில்லை. சாவுக் கேதம் சொல்ல வழக்கமாகப் போகிறவரும் அவர்தான்.

ரயில் பாதையால் நடந்தேன். மூன்று மைலும் கொட்டு முதுகில். சிலிப்பர் கட்டைகளின் மேல் கால் அதே கணக்கில் விழுந்தது. மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை. என்ன சொல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

முத்துக்கறுப்பன் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். தலையில் அந்தத் துணி. மடிப்பெல்லாம் தேயிலைக் கறை.

"வாங்க தம்பி! இன்னிக்கு முந்தியே கொட்டிப்புட்டானே எம் மச்சான். தொரசாணிக்கு அவசரமோ?"

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். பள்ளத்துக்கு அப்பால் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

வாயில் முதலில் வந்தது ஆங்கிலம். பிறகு பத்திரிகைத் தமிழ். இரண்டையும் விழுங்கினேன்.

"கொட்டு நெசங்க."

சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். விரல்களை மடக்கிக் கொட்டுக் கேட்ட நாட்களை எண்ணினார்.

"எந்தக் கொட்டு தம்பி?" என்றார். "எந்த நாள் கொட்டு?"